வீட்டுக்கு 5 கிலோவாட்: எக் தீவின் பொது மின்சாரம்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், ஸ்கை தீவுக்குத் தெற்கே, எக் என்றொரு சின்னத் தீவு இருக்கிறது. நீளம் 9 கிலோமீட்டர், அகலம் 5 கிலோமீட்டர். சுமார் 100 பேர் வசிக்கிறார்கள். பிரிட்டனின் மின் கட்டமைப்போடு இந்தத் தீவுக்குக் கம்பித் தொடர்பு கிடையாது. அது வரும் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, தீவு மக்கள் தாங்களே ஒரு மின் கட்டமைப்பைக் கட்டிக்கொண்டார்கள். 2008 பிப்ரவரி 1 அன்று அது ஓட ஆரம்பித்தது. நீர், காற்று, வெயில் மூன்றிலிருந்தும் வரும் மின்சாரம் ஒரே பேட்டரித் தொகுப்பைச் சுற்றி இணைந்து, எல்லா வீடுகளுக்கும் 24 மணி நேரமும் போகிறது.

அக்கம்பக்கத்தார் சேர்ந்து சோலார் போட்டு, பேட்டரி வைத்துப் பகிர்ந்துகொள்வது பற்றி இப்போது நிறைய எழுதப்படுகிறது. பெரும்பாலும் பேனல் எத்தனை, பேட்டரி எவ்வளவு பெரியது, எந்த மென்பொருள் கணக்குப் பார்க்கிறது என்பதில்தான் பேச்சு நிற்கிறது. எக் தீவைப் பற்றி எழுதும்போது நான் வேறொன்றை முன்னால் வைக்க விரும்புகிறேன். அங்கே ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. கடை, விடுதி போன்ற தொழில் இணைப்புகளுக்கு 10 கிலோவாட். தீவு மக்களே ஏற்றுக்கொண்ட விதி இது. அந்த மின்சாரம் இத்தனை வருடங்களாகத் தாக்குப்பிடிப்பதற்குப் பேட்டரியைவிட இந்த விதிக்குத்தான் அதிகப் பங்கு என்பது என் உறுதியான எண்ணம்.

நிலம் கைக்கு வந்த பிறகு

மின்சாரக் கதைக்கு முன்னால் நிலத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். எக் தீவு தலைமுறை தலைமுறையாகத் தனியார் சொத்தாக இருந்தது. ஒரு முதலாளி விற்பார், இன்னொருவர் வாங்குவார். அங்கே குடியிருப்பவர்களுக்கு வீட்டில் இருக்கும் உரிமைகூட உறுதியில்லை. நாளைக்கு யார் உரிமையாளர் என்று தெரியாத இடத்தில் யாரும் கேபிள் பதிக்க மாட்டார்கள். 1997 ஜூன் 12 அன்று தீவுவாசிகள், ஹைலேண்ட் கவுன்சில், ஸ்காட்டிஷ் வைல்ட்லைஃப் டிரஸ்ட் மூன்று தரப்பும் சேர்ந்த எக் பாரம்பரிய அறக்கட்டளை தீவை விலைக்கு வாங்கியது. பணம் பெரும்பாலும் பொதுமக்கள் நன்கொடையாக வந்தது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டீசல் ஜெனரேட்டர். சிலர் மட்டும் ஓடையில் சின்ன டர்பைன் வைத்திருந்தார்கள். டீசல் கப்பலில் வர வேண்டும், விலை அதிகம். அதனால் ஜெனரேட்டரை நாளுக்குச் சில மணி நேரம் ஓட்டுவார்கள், அப்புறம் நிறுத்திவிடுவார்கள். ஒரு விளக்குக்காகவும் ஃபிரிட்ஜுக்காகவும் ஓடும் ஜெனரேட்டர் தன் திறனில் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படாமல் டீசலைக் குடிக்கும். இப்படி வீட்டுக்கு வீடு தனித்தனியாக வீணடித்துக்கொண்டிருந்ததை ஒன்றாக்குவதுதான் திட்டத்தின் அடிப்படை. கட்டமைப்பை நடத்துவது எக் எலக்ட்ரிக் என்ற நிறுவனம், அதன் முழு உரிமையும் அந்த அறக்கட்டளைக்கு. ஆகவே மின்சாரம் வாங்குபவர்களும் விதி போடுபவர்களும் ஒரே ஊர்க்காரர்கள்.

என்னென்ன இருக்கிறது

பெரிய பங்கு தண்ணீருக்கு. மேற்குப் பக்கம் லேக் என்ற இடத்தில் 100 கிலோவாட் நீர்மின் டர்பைன் ஒன்று. அதோடு 5, 6 கிலோவாட் அளவில் இரண்டு சிறிய டர்பைன்கள். தெற்கே, ஆன் ஸ்கூர் என்ற பாறை மலையின் அடிவாரத்தில் 6 கிலோவாட் காற்றாலைகள் நான்கு. சோலார் தொடக்கத்தில் 10 கிலோவாட் மட்டுமே. பிறகு கூட்டிக்கூட்டி 50 கிலோவாட் வரை கொண்டுவந்தார்கள். எல்லாம் சேர்த்தால் சுமார் 184 கிலோவாட். எதுவும் போதாத நாளுக்கு 64 கிலோவாட் டீசல் ஜெனரேட்டர்கள் இரண்டு. இவையெல்லாம் தீவுக்குள் பதித்த சுமார் 11 கிலோமீட்டர் நிலத்தடிக் கேபிளில் இணைகின்றன. ஆண்டு முழுவதும் பார்த்தால் மின்சாரத்தில் 90 சதவீதம் வாக்கில் இயற்கையிலிருந்து வருகிறது, மீதிதான் டீசல்.

நடுவில் இருப்பது பேட்டரிக் கூடம். 48 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிகள், மொத்தக் கொள்ளளவு சுமார் 212 யூனிட். அவற்றோடு 5 கிலோவாட் இன்வெர்ட்டர்கள் பன்னிரண்டு, மூன்று மூன்றாக நான்கு தொகுதிகள். ஆக 60 கிலோவாட்.

இந்த எண்களைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். தீவில் 40-க்கும் மேற்பட்ட இணைப்புகள். எல்லா வீடும் ஒரே நிமிடத்தில் தன் 5 கிலோவாட்டையும் கேட்டால் 200 கிலோவாட் வேண்டும். அவ்வளவு உற்பத்தியே கிடையாது. இன்வெர்ட்டர்கள் தரக்கூடியது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பேட்டரியை வீட்டுக்கு வீடு பிரித்தால் ஆளுக்கு 5 யூனிட் வரும். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும் என்பதால், நடைமுறையில் இரண்டரை யூனிட். ஒரு வீட்டுக்கு ஒரு ராத்திரிக்கே இது போதாது.

ஆனாலும் வேலை நடக்கிறது. ஒரு வீட்டில் துணி துவைக்கும்போது இன்னொரு வீடு காலியாகக் கிடக்கும். ஒருவர் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் சுடவைப்பார், மற்றொருவர் பத்து மணிக்கு. ஒரு தனி வீட்டின் தேவை பூஜ்யத்துக்கும் 5-க்கும் நடுவே குதித்துக்கொண்டே இருக்கும். நாற்பது வீடுகளின் தேவையைக் கூட்டினால் அந்தக் குதியல் தணிந்து, ஓரளவு சீரான ஒரு கோடு கிடைக்கிறது. பொதுப் பேட்டரி அந்தச் சீரான கோட்டைத் தாங்கினால் போதும். ஆளுக்கு ஒரு 5 யூனிட் பேட்டரியை வாங்கிக் கொடுத்திருந்தால் செலவு ஏறக்குறைய அதேதான் ஆகியிருக்கும், பலன் இதில் பாதிகூட இருந்திருக்காது. ஒருவரின் பேட்டரி நிரம்பி வழியும் நேரத்தில் பக்கத்து வீட்டில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

சமையலறையில் 5 கிலோவாட்

பிரிட்டனின் மற்ற ஊர்களில் ஒரு சாதாரண வீட்டுக்கு 60 ஆம்பியரிலிருந்து 100 ஆம்பியர் வரை ஃபியூஸ் இருக்கும். அதாவது 14 முதல் 23 கிலோவாட் வரை இழுக்கலாம். எக் வீட்டுக்கு 5. அந்த நாட்டு மின்சாரக் கெட்டில் ஒன்றே 3 கிலோவாட் வரை எடுக்கும். வெந்நீர்த் தொட்டியில் இருக்கும் ஹீட்டர் இன்னொரு 3. இரண்டையும் சேர்த்துப் போட்டால் 6, அவ்வளவுதான், இணைப்பு டிரிப் ஆகிவிடும். வாஷிங் மெஷின் தண்ணீரைச் சூடாக்கும் அந்தச் சில நிமிடங்களில் 2 கிலோவாட் எடுக்கும். அந்த நேரத்தில் கெட்டில் போட்டால் எல்லையை ஒட்டி நிற்கும், அதோடு அடுப்பையும் ஏற்றினால் போச்சு. பிரிட்டிஷ் குளியலறைகளில் சகஜமாக இருக்கும் மின்சார ஷவர் 8, 10 கிலோவாட் கேட்கும். ஆகவே எக் தீவில் அதற்கு இடமே இல்லை.

டிரிப் ஆனால் வீட்டுக்காரர் தானே சுவிட்சைத் தூக்கிவிட முடியாது. பராமரிப்புக் குழுவிலிருந்து ஒருவர் வந்து சரிசெய்ய வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. அந்தக் குழுவில் இருப்பவர்களும் தீவுக்காரர்களே, பயிற்சி எடுத்துக்கொண்டு பகுதி நேரமாக இதைப் பார்ப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "எங்கள் வீட்டு லைன் போய்விட்டது" என்று சொல்வதில் இருக்கும் சங்கடம் கட்டணத்தைவிடப் பெரியது. வீட்டுக்கு வீடு ஒரு சின்ன மானிட்டர் கொடுத்திருக்கிறார்கள். இப்போது எத்தனை கிலோவாட் போகிறது என்று அதில் தெரியும். எண்ணைப் பார்த்துக் கெட்டிலைப் போடுவது பழக்கமாகிவிடுகிறது.

இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அது மொத்தப் பயன்பாட்டைத் தொடவே இல்லை என்பது. நாள் முழுக்க 5 கிலோவாட் இழுத்தால் 120 யூனிட் ஆகும், எந்த வீட்டுக்கும் அவ்வளவு தேவைப்படாது. எவ்வளவு யூனிட் வேண்டுமானாலும் காசு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம், ஒரே நேரத்தில் எடுக்காமல் பிரித்து எடுங்கள் என்பதுதான் விதி சொல்வது. பொதுக் கட்டமைப்பைக் கவிழ்ப்பது பெரும்பாலும் ஒருவர் மாதம் முழுக்கச் செலவழிக்கும் யூனிட் அல்ல, எல்லோரும் ஒரே அரை மணி நேரத்தில் குவிக்கும் கிலோவாட். அந்த இடத்தைத்தான் விதி பிடித்திருக்கிறது. வசதியான வீடு, எளிய வீடு என்ற வித்தியாசமும் அதில் இல்லை. ஆறு பேர் இருக்கும் குடும்பத்துக்கும் தனி ஆளுக்கும் ஒரே 5 என்பது நியாயமா என்று கேட்கலாம். பெரிய குடும்பத்துக்கு அது கொஞ்சம் சிரமம்தான். ஆனால் ஆளுக்குத் தகுந்தபடி அளவை மாற்ற ஆரம்பித்தால் அந்தக் கணக்குக்கு முடிவே இருக்காது. அறையில் எல்லோரும் இருக்கும்போது ஒரே மூச்சில் சொல்லிப் புரியவைக்கக்கூடிய விதி என்பதே இதன் பெரிய பலம்.

பேட்டரி நிரம்பிய பிறகு

சோலாரைப் பகிர்ந்துகொள்வதில் பற்றாக்குறையைவிட மிச்சத்தைச் சமாளிப்பது பல நேரம் கஷ்டமானது. நல்ல மழையும் காற்றும் உள்ள ஒரு குளிர்கால நாளில் எக் தீவில் உற்பத்தி தேவையைத் தாண்டிவிடும். பேட்டரி நிரம்பிவிட்டது, வெளியே விற்கவும் வழியில்லை. அப்போது என்ன செய்வது?

அங்கே ஒவ்வொரு கருவிக்கும் தனியாகத் தகவல் கம்பி இழுத்துக் கட்டளை அனுப்ப வேண்டிய அவசியமில்லை. கட்டமைப்பின் ஃபிரீக்வென்சியே, அதாவது மாறுமின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற எண்ணே, செய்தியைக் கொண்டுபோகிறது. சாதாரணமாக 50 ஹெர்ட்ஸ். பேட்டரி நிரம்பி வரும்போது பேட்டரி இன்வெர்ட்டர்கள் அதை ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ் உயர்த்துகின்றன. வீட்டு விளக்கிலோ ஃபிரிட்ஜிலோ வித்தியாசம் தெரியாது. ஆனால் தீவின் இன்னொரு மூலையில் இருக்கும் சோலார் இன்வெர்ட்டரும் காற்றாலைக் கன்ட்ரோலரும் ஃபிரீக்வென்சி ஏறுவதைப் பார்த்துத் தாமாகவே உற்பத்தியைக் குறைத்துக்கொள்கின்றன. இணைய வசதி சரியில்லாத, உப்புக்காற்று அடிக்கும் ஒரு தீவில் இதைவிட நம்பகமான ஏற்பாடு கிடைப்பது கடினம்.

குறைப்பதற்கு முன்னால் மிச்சத்தைப் பயன்படுத்தவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஊர் மண்டபம், தேவாலயங்கள், படகுத்துறைக் கட்டடம் ஆகியவற்றில் ஹீட்டர்கள் இருக்கின்றன. மிச்ச மின்சாரம் அவற்றுக்குப் போகிறது. அந்த ஈரக் காற்றில் சூடில்லாத கட்டடம் சீக்கிரம் பூஞ்சை பிடித்துவிடும். மிச்சத்தை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி தனியார் வீடுகளிடையே வந்திருந்தால் மனக்கசப்பில் முடிந்திருக்கும். எல்லோரும் உட்காரும் இடத்துக்குக் கொடுத்ததால் அந்தக் கேள்வியே எழவில்லை.

மழை பெய்யாத வருடம்

2010 கோடையின் தொடக்கத்தில் மழை குறைந்தது, ஓடைகள் வற்றின. நீர்மின்சாரம் படுத்தது. மின்சாரத்தைக் குறைத்துப் பயன்படுத்தும்படி தீவு மக்களுக்கு வேண்டுகோள் போனது. போக்குவரத்து விளக்குபோல அங்கே ஓர் ஏற்பாடு இருக்கிறது: பச்சை என்றால் வழக்கம்போல, சிவப்பு என்றால் துவைப்பது, சூடாக்குவது போன்றவற்றைத் தள்ளிப்போடுங்கள். இது முழுக்க மனமொப்பிச் செய்வது. 5 கிலோவாட் விதிக்கு டிரிப் இருக்கிறது, சிவப்புக்கு எந்தத் தண்டனையும் இல்லை. தங்கள் வீட்டில் நிறுத்தினால் மிச்சமாகும் டீசலுக்கான பணமும் தங்களுடையதே என்பதால் மக்கள் நிறுத்துகிறார்கள்.

அந்த வருடம் சோலாரின் இடம் எது என்பதையும் காட்டிக்கொடுத்தது. 57 டிகிரி வடக்கில், மேகம் மூடிய ஊரில், ஒரு கிலோவாட் பேனல் வருடத்துக்கு 800 யூனிட் வாக்கில்தான் தரும். நம்மூர் வெயிலில் கிடைப்பதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். வெறும் யூனிட் கணக்குப் பார்த்தால் அந்தப் பணத்துக்கு வேறு எதையாவது செய்யலாம் என்று தோன்றும். ஆனால் அந்த யூனிட்கள் எப்போது வருகின்றன என்பதைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் மேற்கில் ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் மழை குறைவு, காற்றும் அடங்கியிருக்கும். அப்போதுதான் 17 மணி நேரத்துக்கும் மேலாகப் பகல் நீள்கிறது. சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கித் தேவை கூடுவதும் அந்த மாதங்களில்தான். டீசலை அணைத்து வைக்கும் வேலையை அந்தச் சில மாதங்களுக்குச் சோலார் எடுத்துக்கொள்கிறது. 10 கிலோவாட்டாக இருந்ததை 50 ஆக்கியதில் அர்த்தம் இருக்கிறது.

பணம்

திட்டத்துக்கு ஆனது சுமார் 16 லட்சம் பவுண்டு. பெரும்பகுதி மானியம்: ஐரோப்பிய பிராந்திய வளர்ச்சி நிதி, லாட்டரி நிதி, ஹைலேண்ட்ஸ் அண்ட் ஐலண்ட்ஸ் எண்டர்பிரைஸ் என்ற வட்டார வளர்ச்சி அமைப்பு ஆகியவற்றிலிருந்து வந்தது. 2010-இல் பிரிட்டனில் புதுமை முயற்சிகளை ஊக்குவிக்கும் நெஸ்டா அமைப்பு நடத்திய பிக் கிரீன் சேலஞ்ச் போட்டியில் வென்று எக் தீவு மேலும் 3 லட்சம் பவுண்டு பெற்றது. நூறு பேர் தங்கள் கட்டணத்திலிருந்து இந்த முதலீட்டைத் திரும்ப எடுத்திருக்கவே முடியாது. இதைச் சொல்லாமல் எக் தீவை முன்மாதிரி என்று மட்டும் காட்டுவது, பின்தொடர விரும்பும் ஊர்களுக்குச் செய்யும் துரோகம். கட்டணம் தாங்குவது நடத்தும் செலவையும் பழுதுபார்ப்பையும். அதற்கே யூனிட் விலை பிரிட்டனின் மற்ற ஊர்களைவிட உயரமாக இருந்தது. ஆனால் தீவு மக்கள் ஒப்பிட்டுப் பார்ப்பது தங்கள் பழைய டீசல் செலவோடு. அதோடு பார்த்தால் இது எவ்வளவோ மேல்.

கம்பி உள்ள ஊர்களுக்கு

ஐரோப்பாவில் இன்று உருவாகும் எரிசக்திச் சமூகங்கள், அதாவது மின்சாரத்தைச் சேர்ந்து உற்பத்தி செய்து பகிர்ந்துகொள்ளும் குழுக்கள், பெரும்பாலும் பொதுக் கட்டமைப்போடு இணைந்தவை. 2018-இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி விதிமுறை அவற்றுக்குச் சட்ட இடம் கொடுத்தது. ஆஸ்திரியா 2021-இல் அதைத் தன் சட்டமாக்கியது. அங்கே ஒரு தெருவில் ஒருவர் கூரையில் வரும் சோலாரை இன்னொரு வீட்டுக்காரர் எடுத்துக்கொள்வது ஸ்மார்ட் மீட்டர் கணக்கில் நடக்கிறது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை யார் எவ்வளவு உற்பத்தி செய்தார்கள், யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று பொருத்திப் பார்த்து, உள்ளூர்ப் பங்குக்குக் கட்டமைப்புக் கட்டணத்தில் சலுகை தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் யாருக்கும் கிலோவாட்டை உணரும் அவசியம் வருவதில்லை. பற்றாக்குறையைப் பெரிய கட்டமைப்பு சத்தமில்லாமல் ஈடுகட்டிவிடுகிறது.

அந்த வசதி எங்கும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. நெதர்லாந்தில் பல இடங்களில் மின் கட்டமைப்பு நிரம்பிவிட்டது, புதிய இணைப்புக்குக் காத்திருக்க வேண்டிய நிலை. அங்கே ஆம்ஸ்டர்டாமின் வடக்குப் பகுதியில் ஸ்கோன்ஸ்கிப் என்ற மிதவை வீட்டுக் குடியிருப்பு இருக்கிறது. 46 குடும்பங்கள், கூரைகளில் சோலார், வீடுகளில் பேட்டரியும், வெளியிலிருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப்பும். எல்லோருக்கும் சேர்த்து வெளிக் கட்டமைப்போடு ஒரே ஓர் இணைப்பு. அதற்குள் அடங்கி நடப்பதற்காக மென்பொருள் ஒன்று பேட்டரிகளையும் ஹீட் பம்ப்களையும் ஓட்டுகிறது. தனித்தனி மீட்டர் என்ற வழக்கமான சட்டத்திலிருந்து சோதனை விலக்கு வாங்கித்தான் இதைச் செய்தார்கள். எக் தீவில் மனிதர்கள் சமையலறையில் செய்வதை இங்கே கணினி செய்கிறது. ஆனால் இரண்டுக்கும் கீழே இருப்பது ஒரே ஒப்பந்தம்: மொத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதற்குள் எல்லோரும். ஒரு குடியிருப்புச் சங்கம் சோலாரும் பேட்டரியும் வாங்க உட்காரும்போது, யூனிட்டை எப்படிப் பிரிப்பது என்பதற்கு முன்னால் அந்த எல்லையைப் பேசி முடித்துவிடுவது நல்லது. பேட்டரியை வாங்கிய பிறகு பேச ஆரம்பித்தால், ஏற்கெனவே பெரிய ஏசி போட்டவரிடம் போய் அதை எடுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

இனி வரும் சுமை

எக் வீடுகள் குளிர் காய்வது பெரும்பாலும் விறகிலும் பிற எரிபொருளிலும்தான். மின்சாரத்தில் சூடாக்க 5 கிலோவாட் இடம் தராது. இனி ஹீட் பம்ப் வேண்டும், மின்சார வண்டி வேண்டும் என்ற பேச்சு வரும்போது இந்த எண்ணின் மேல் அழுத்தம் வருகிறது. மக்கள்தொகையும் ஏறியிருக்கிறது. 2001 கணக்கெடுப்பில் 67 பேர், 2011-இல் 83, இப்போது 100 வாக்கில். இளம் குடும்பங்கள் தீவுக்குத் திரும்பியதில் 24 மணி நேர மின்சாரத்துக்கும் பங்கு உண்டு. புதிதாக வரும் ஒவ்வொரு வீடும் அதே 5 கிலோவாட் உரிமையோடு வருகிறது, அதே ஓடையையும் அதே பேட்டரியையும் நம்பி.

எண்ணைப் பெரிதாக்குவதைவிட உற்பத்தியைக் கூட்டி, சுமையை நேரத்தில் பரப்புவதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். சுமார் 1 கிலோவாட் மட்டும் இழுத்துக்கொண்டு மணிக்கணக்காக ஓடும் சின்ன ஹீட் பம்ப்பும், ராத்திரி முழுக்க மெதுவாகச் சார்ஜ் ஏறும் வண்டியும் 5-க்குள் தாராளமாக அடங்கும். அதைவிடக் கடினமானது கருவிகளின் முதுமை. லெட்-ஆசிட் பேட்டரிகளுக்கு ஆயுள் குறைவு. அந்த நான்கு காற்றாலைகளைச் செய்த ஸ்காட்டிஷ் நிறுவனம் 2011-இலேயே திவாலாகிவிட்டது. அதனால் உதிரிபாகத்துக்கு வேறு இடம் தேட வேண்டும். கட்டுவதற்கு மானியம் கொடுத்தவர்கள் 15, 20 வருடம் கழித்து மாற்றுவதற்கும் கொடுப்பார்கள் என்று எங்கும் எழுதித் தரவில்லை. ஆகவே ஒவ்வொரு யூனிட்டின் விலையிலும் மாற்றுச் செலவுக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்தாக வேண்டும். விலை ஏறினாலும் அதைத் தீவு மக்கள் கூட்டத்தில் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.